இறங்குநீர்

பிலிகுண்டுலுவில் யாரோ ஒருவர்
கோலைப் பார்த்து எண் சொல்கிறார்.
அவர் முகம் எனக்குத் தெரியாது.
அந்த எண்ணில்தான் என் அடுப்பு எரிகிறது,
அந்த எண்ணில்தான் அணைகிறது.

ஆறாயிரம் கன அடி என்றால் வலை.
பத்தாயிரம் என்றால் தூண்டில், அதுவும் கரையோடு.
பதினெட்டாயிரம் என்று
போலீஸ்காரர் மைக்கில் சொன்னதும்
கெம்பராஜ் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு
பீடி பற்றவைப்பார்.
கவிழ்ந்த பரிசல்மேல் ஆடு ஏறி நிற்கும்.
தார் வாசனை பிடிக்குமோ என்னவோ
ஊட்டமலை ஆடுகளுக்கு.

இந்த ஆடியில் எண் ஏறிக்கொண்டே போனது.
கபினி ரொம்பிடுச்சாம் என்றார்கள்.
நாற்பதாயிரம். எழுபதாயிரம்.
அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன்.
செம்மண் குழைத்த நீர்
அருவியை விழுங்கிற்று, பாறையை விழுங்கிற்று,
தொங்குபாலத்தின் வயிற்றுக்குக் கீழே
வேரோடு ஒரு நீர்மத்தி மரம்
மல்லாந்து போயிற்று.

வெள்ளம் பார்க்க வந்தவர்களைக்
கயிறு கட்டித் தடுத்தார்கள்.
பாதி பார்த்த முகத்தோடு
முழுப் பசியோடு
என் கடைக்குத்தான் வந்தார்கள்.
ஐஸ் பெட்டியில் கட்லா,
விடியற்காலை டெம்போவில் கிருஷ்ணகிரி டேமிலிருந்து வந்தது.
"ஆத்து மீனாக்கா?"
ஆத்து மீன்தான் என்பேன்.
பொய்யில்லை. தென்பெண்ணையும் ஆறுதானே.
எந்த ஆறு என்று
இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.
முதுகுக்குப் பின்னால் காவிரி மட்டும்
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஓடியது.

ஆவணி பிறந்து ஒன்பதாம் நாள்
எண் இறங்கிற்று.

இறங்குகிற ஆறு அவசரத்தில் போகும்.
பாறைக்குழிகளில் கொஞ்சம் தண்ணீரை
மறந்து வைத்துவிட்டுப் போகும்,
அதற்குள் மீனையும்.
ஆரால், சேல், உள்ளங்கை நீளக் கெண்டை,
வழி தப்பிய ஒரு ஜிலேபி.
பரிசல் வேண்டாம், வலை வேண்டாம்.
டார்ச்சும் கூடையும் போதும்,
கால் வழுக்காத ஆள் போதும்.
வெயில் ஏறிக் குழி சூடாவதற்குள்
காக்கையும் நாங்களும் போட்டி.

கெம்பராஜ் முன்னால் போனார்.
நான் பின்னால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.
நாலாவது குழி இடுப்பளவு.
டார்ச் அடித்தேன்.
அடியில் வட்டமாக, கறுப்பாக
ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
ஆமையா?

ஒற்றைக் காது.
இன்னொரு காது போனது எனக்குத் தெரியும்,
நான்தான் கீழே போட்டேன்.

போன ஆடியில் ராத்திரியோடு ராத்திரியாக
ஆறு எடுத்துக்கொண்டு போன கடை:
இரண்டு பெஞ்சு, தார்ப்பாய், உப்பு ஜாடி,
பென்னாகரம் சந்தையில்
நாலு மாதச் சீட்டுப் பணத்தில் வாங்கிய
என் இரும்புச் சட்டி.
எத்தனை ஆயிரம் மீன் புரண்டிருக்கும் அதில்,
மிளகாயும் எண்ணெயும் பூசிக்கொண்டு.

குனிந்து ஒற்றைக் காதைப் பிடித்துத் தூக்கினேன்.
உள்ளே ஒரு கெளுத்தி.
தலை பெருத்தது, மீசை நீண்டது,
குடித்தனக்காரன் மாதிரி என்னைப் பார்த்தது.
ஓடவில்லை.
யார் வீடு இது என்று
அது கேட்டதா நான் கேட்டேனா,
கை நீட்டினேன்.
முள்ளை நிமிர்த்தியது.

நான் கத்தியதில்
டார்ச் குழிக்குள் விழுந்து தண்ணீர் மஞ்சளாயிற்று.
அந்த வெளிச்சத்திலேயே
பாறை வெடிப்புக்குள் வாலை நுழைத்துக்கொண்டது.
கெம்பராஜ் சிரித்தார். பிறகு
என் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினார்,
பீடி நாற்றத்தோடு.

அரைக்கூடை ஆராலும் ஒரு சட்டியும்.
விளிம்பைத் துரு தின்றிருந்தது.
செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன்,
இடது கையால்.
வலது கட்டைவிரல் எலுமிச்சை அளவுக்கு வீங்கி
மூன்று நாளாய்க் கடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே சட்டியில்
எண்ணெய் காய்ந்தது.
ஓசூர் வண்டியிலிருந்து இறங்கியவன்
கூலிங்கிளாசைக் கழற்றாமல் கேட்டான்:
"ஆத்து மீனாக்கா?"

வாயைத் திறக்கவில்லை.
விரலைக் காட்டினேன்.